சுற்றி வரும் ஜாக்கெட் பிட்

சுவர்க் கடிகாரத்தை எந்தக் காகிதத்தில் சுற்றினாலும் அது சுவர்க் கடிகாரமாகத்தான் தெரியும். வட்டம், தட்டை, நடுவில் லேசான மேடு. கடைக்காரர் ஆர்வத்தில் பேட்டரியும் போட்டுக் கொடுத்திருந்தால் வாயைத் திறந்து பேசவும் செய்யும். இருந்தும் அதன்மேல் தங்க நிறக் காகிதத்தைச் சுற்றி, மூலையில் ஒரு ரிப்பன் பூவை ஒட்டி, பெரிய ரகசியத்தைக் காக்கும் முகத்தோடு கிரகப்பிரவேச வீட்டுப் படியேறுகிறோம். வீட்டுக்காரரும் "எதுக்குங்க இதெல்லாம்" என்று வாங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று தனக்குச் சுத்தமாகத் தெரியாத பாவனையில், சோபாவில் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் மற்ற வட்டங்களோடு சேர்த்து வைக்கிறார்.

தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. முடிச்சூர், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று முகூர்த்த ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு புது அடுக்குமாடியில் பால் பொங்கிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் காலி மனை தீர்ந்துவிட்டதால் கிரகப்பிரவேசம் குறைந்து அறுபதாம் கல்யாணம் கூடியிருக்கிறது. அதற்கும் கடிகாரம்தான் கொடுக்கிறார்கள். அறுபது முடிந்தவரிடம் நேரம் ஓடுவதை எடுத்துச் சொல்வது என்ன மரியாதையோ தெரியவில்லை.

கடிகாரத்தை விட்டுவிட்டாலும் நிலைமை இதேதான். குக்கருக்குக் கைப்பிடி இருக்கிறது, எங்கே ஒளிப்பது? டின்னர் செட் நடக்க நடக்கக் கலகலக்கும். நடராஜர்தான் ரொம்பச் சிரமம். தூக்கிய திருவடி எந்தக் காகிதத்தையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்து தரிசனம் கொடுத்துவிடும்.

இதில் வேடிக்கை, மறைத்துக் கொடுக்கும் பழக்கமே நம்மிடம் கிடையாது. நம் ஊரில் கொடுப்பது என்றால் காட்டிக் கொடுப்பதுதான். சீர்வரிசைத் தட்டுகள் பதினொன்று, இருபத்தொன்று என்று ஒற்றைப்படையில் மேளத்தோடு தெருவில் நடந்து வரும். மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம், பூ, கற்கண்டு, பிறகு புடவை. அந்தப் புடவையின் மடிப்பை ஒரு பெரியம்மா கடைசி நிமிஷம் வரை திருத்திக்கொண்டிருப்பார். ஜரிகை வெளியே தெரிய வேண்டுமே. ஜன்னலில் நின்று பார்ப்பவர்கள் தட்டு தட்டாகக் கூட்டிக்கொண்டே வந்து, ஊர்வலம் தெருமுனை திரும்புவதற்குள் மொத்தத் தொகைக்கு வந்துவிடுவார்கள். மதுரைப் பக்கம் மொய்யை மைக் வைத்து வாசிப்பார்கள். தாய்மாமன் பெயரும் தொகையும் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்.

இவ்வளவு வெளிப்படையான சமூகம் ஒரு பால் குக்கரை மட்டும் ஏன் மூடி எடுத்துப் போகிறது? என் யூகம், பொருள் சின்னதாகிவிட்டது என்பது. தட்டில் வைத்து ஊர்வலம் விடும் தகுதி அதற்கில்லை. நம் கூச்சத்தின்மேல் ஒட்டுவதற்குத்தான் காகிதம் வாங்குகிறோம்.

அந்தக் காகிதத்தை வாங்க மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போக வேண்டும். காய்கறி, பூ, பாத்திரம், பிளாஸ்டிக் குடம் எல்லாவற்றையும் தாண்டினால் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். வாசலில் குடை வைக்கும் தொட்டியில் காகிதச் சுருள்கள் நிற்கும். உள்ளே சுற்றித் தருவதற்கென்றே ஒரு பையன் இருக்கிறான். அவன் வேலை பார்க்கப் பார்க்க அலுக்காது. ஸ்கேல் கிடையாது. பெட்டியைக் காகிதத்தின்மேல் ஒரு புரட்டு புரட்டுவான், அளவு முடிந்தது. கத்தரிக்கோலைத் திறந்து மூடுவதில்லை. திறந்தபடியே ஒரு தள்ளு, காகிதம் சர்ரென்று இரண்டாகும். செல்லோடேப் துண்டுகளை முன்கூட்டியே கிழித்து இடது கைப் புறங்கையில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பான். ஓரங்களை முக்கோணமாக உள்ளே மடித்து ஒட்டி, பிளாஸ்டிக் ரிப்பனைக் கத்தரியின் முதுகில் வைத்து ஒரு இழு, அது சுருள் சுருளாகத் தொங்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. பில்லைப் பார்த்தால் காகிதம் இரண்டு ஷீட் 40 ரூபாய், பூ 15, சுற்றுக் கூலி 20. உள்ளே இருப்பது 150 ரூபாய் டப்பர்வேர் ஜாடைச் சாப்பாட்டு டப்பா.

அவன் திறமையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அது பிரிபடும் வேகம்தான் தாங்கவில்லை. எங்கள் அடுக்குமாடியில் ஒரு பிறந்தநாள் விழா என்றால், பிள்ளைகள் ஒரு பொட்டலத்தைக் கிழித்துப் பொருளைப் பார்த்து "இது என்கிட்ட இருக்கு" என்று ஓரம் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவதற்கு, நாம் ஒரு வாய் கேக் விழுங்கும் நேரம் போதும்.

என் அம்மா இந்தக் கிழிப்புக் கலாசாரத்துக்கு எதிரி. அவருக்கு யாராவது பரிசு கொடுத்தால் கொடுத்தவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடி, காகிதத்தின் பளபளப்பு உரியாமல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விடுவித்து, காகிதம் முழுசாகக் கையில் வந்த பிறகுதான் பொருளைப் பார்ப்பார். சில சமயம் பொருளைப் பார்க்க மறந்தும்விடுவார். காகிதம் நாலாக மடிந்து மெத்தைக்கு அடியில் போகும். மறுபடி எடுத்துச் சுற்றும்போது பழைய மடிப்புகளின்மேல் புது மடிப்பு விழுந்து, பொட்டலம் யாரோ இஸ்திரி போட முயன்று தோற்ற தோற்றத்தில் இருக்கும். "காகிதம் நல்லா இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்பார். சுற்றுச்சூழல் பற்றி அவரிடம் யாரும் பேசியதில்லை.

பளபளக் காகிதம் என்கிற இந்தப் பழக்கத்துக்கே பிறந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி என்ற ஊர். 1917, கிறிஸ்துமஸ் சமயம். ஹால் சகோதரர்கள் நடத்திய கடையில், அந்தக் காலத்தில் பரிசு சுற்றப் பயன்பட்ட வெள்ளை, சிவப்பு, பச்சை டிஷ்யூ காகிதம் தீர்ந்துபோய்விட்டது. வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், கடித உறைகளின் உட்புறம் ஒட்டுவதற்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த அலங்காரக் காகிதத்தை எடுத்து ஷீட் 10 சென்ட் என்று விற்கப் போட்டார்கள். போன இடம் தெரியவில்லை. அந்தக் கடைதான் பிற்பாடு ஹால்மார்க் நிறுவனம். 1930இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ ஒட்டும் டேப்பைக் கொண்டுவந்து மிச்ச வேலையை முடித்துவைத்தார். ஆக, ஸ்டாக் தீர்ந்த ஒரு கடைக்காரரின் சமாளிப்புக்குத்தான் நூறு வருஷம் கழித்துச் சண்முகம் சாலையில் நாம் 40 ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

காகிதம் என்று சொல்வதே தாராளம். பளபளவென்று மின்னுவதில் பெரும்பாலானவை அலுமினியப் பூச்சு ஏறிய பிளாஸ்டிக் படலம். கண்டுபிடிக்க வழி எளிது, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிவிட்டுக் கையைத் திறந்தால் போதும். காகிதமானால் கசங்கியே கிடக்கும். பிளாஸ்டிக் என்றால் தூக்கம் கலைந்த குழந்தை மாதிரி மெதுவாகக் கையையும் காலையும் நீட்டிப் பழைய அளவுக்கு வந்துவிடும். எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர் இந்தச் சோதனையெல்லாம் செய்வதில்லை. கட்டைத் தூக்கும்போதே காதால் கண்டுபிடிக்கிறார். "சரசரன்னு கேக்குதும்மா, கிஃப்ட் பேப்பர் கலந்திருக்கு, எடுத்துருங்க." எடுத்துவிட்டுத்தான் தராசு மேலே போகும்.

பிறகு அது போக வேண்டிய இடம் மாநகராட்சியின் பேட்டரி வண்டி. மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காத குப்பை நீலத் தொட்டி. ஒரு பிறந்தநாளுக்கு மறுநாள் காலை கிஃப்ட் பேப்பர் மூட்டையோடு நான் கீழே போனேன். தூய்மைப் பணியாளர் அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக், ஊடே டேப், நூலில் தொங்கும் ஜிகினா நட்சத்திரம், அதில் ஒட்டிய கேக் கிரீம். இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூணாவது தொட்டி வேணும்" என்றார். மாநகராட்சி ஆணையர் பதவிக்கு நான் அவரைப் பரிந்துரைக்கத் தயார்.

மூணாவது தொட்டி எங்கே இருக்கிறதென்று வேளச்சேரி சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்கும் பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே வருஷம்தான் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. கௌரவமும் புகையும் ஒரே முகவரிக்கு.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. தூக்குப் பை, தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட், கொடி எல்லாம் பட்டியலில் உண்டு. துணி வேஷம் போட்டு வரும் நான்-ஓவன் பையும் உண்டு. அது பாலிப்ரொப்பிலீன் என்கிற அசல் பிளாஸ்டிக். ஆனால் கல்யாண மண்டபங்களில் தாம்பூலப் பையாக அது கூச்சமே இல்லாமல் வந்து நிற்கிறது. "துணிப் பைங்க" என்று கொடுக்கிறார்கள். நாமும் துணி என்று நம்பி வாங்கி, அது வெயிலில் பொடிப்பொடியாக உதிரும் நாளில்தான் விசாரிக்கிறோம்.

மாற்று வழிகள் என்று எங்கள் குடும்பத்தில் பலர் பலதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். முதலிடம் என் அண்ணனுக்கு. குரோம்பேட்டையில் இருக்கிறார், கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கிஃப்ட் பேப்பர் என்ற செலவுத் தலைப்பையே மூடிவிட்டார். எதுவானாலும் செய்தித்தாளில்தான் சுற்றுவார். கொள்கையில் குற்றமில்லை. எந்தப் பக்கம் என்று பார்க்கமாட்டார், அதுதான். மாடம்பாக்கத்தில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழ் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் சுற்றியிருந்தது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த பெரியவர் அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியை வரவழைத்து, ஆற அமரப் படித்தார். பின்னால் போட்டோவுக்கு நின்றவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் அவர் நிமிர்ந்து, "இவர் பல்லாவரத்துல எனக்குத் தெரிஞ்சவர்தான், எப்ப போனார்?" என்று கேட்டார்.

செய்தித்தாளில் சுற்றுபவர்களுக்கு அதனால் சில யோசனைகள். ராசிபலன் பக்கம் ஆகாது. வாங்கியவர் ராசிக்குப் "பண விரயம்" என்று போட்டிருந்தால் உங்களைத்தான் பார்ப்பார். மணமகள் தேவை பக்கம் கல்யாணத்துக்கு வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சினிமாப் பக்கம் வண்ணமாக இருக்கும், ஆனால் யார் அபிமானி யார் எதிரி என்று தெரியாமல் இறங்கக் கூடாது. டெண்டர் அறிவிப்பு மிகப் பாதுகாப்பு. உலகத்தில் ஒருவரும் படிப்பதில்லை. குறுக்கெழுத்துப் பக்கம் அமைந்தால் யோகம். பரிசு பிடிக்காவிட்டாலும் அவருக்கு ஒரு மத்தியானம் போகும். ஒன்று மட்டும், லட்டு முறுக்கை நேராக அதில் கட்டாதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே பலமுறை சொல்லிவிட்டது. எங்கள் தெருமுனை பஜ்ஜிக் கடைக்காரருக்கு மட்டும் சேதி இன்னும் எட்டவில்லை.

அண்ணனுக்கு நேரெதிர் எதிர்வீட்டு ஆன்ட்டி. அவருடையது மாதக் காலண்டர். யோசித்துப் பார்த்தால் அருமையான சரக்கு: சிவகாசி அச்சு, நல்ல கனம், நல்ல அளவு, காசு கிடையாது. ஜனவரியில் மளிகைக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, ரியல் எஸ்டேட் என்று ஆளுக்கொன்று தந்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால் படம் சாமி படம். ஆன்ட்டி என் அம்மாவுக்குக் கொடுத்த பொட்டலத்தின்மேல் வள்ளி தெய்வானையோடு முருகன். பிரித்தால் கிழிவார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். கிருத்திகைக்குக் கிருத்திகை அதற்குப் பூ வைக்கிறார். உள்ளே ஏதோ டப்பா என்பது வரைக்கும் குலுக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறோம். ஆன்ட்டி பார்க்கும்போதெல்லாம் "உபயோகமா இருக்காம்மா?" என்று கேட்கிறார். "தினமும்" என்கிறார் அம்மா.

படத்தை உள்பக்கம் வைத்து வெள்ளைப் பக்கம் வெளியே தெரியச் சுற்றலாமே என்று கேட்பீர்கள். சுற்றலாம். ஜூன் மாதம் பிள்ளைகளின் நோட்டுக்கெல்லாம் விடிய விடியப் பிரவுன் ஷீட் அட்டை போட்டுத் தேர்ந்த கைகள்தானே நம்முடையவை. மடிப்புக்கு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இலைக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் மிக அழகாகப் பொட்டலம் கட்டும் ஆள் யார் என்று கேட்டால், தாம்பரம் ரயில் நிலையத்துப் படிக்கட்டருகே பூ விற்கும் அம்மாவைத்தான் சொல்வேன். முழம் போட்ட மல்லிகையைச் சுருட்டி, வாழை இலைக் கிழிசலில் வைத்து, இரண்டு ஓரத்தையும் மடக்கி, தண்ணீரில் ஊறும் வாழைநாரில் ஒரு இழையை உருவி இரண்டு சுற்று. முடிச்சே போடமாட்டார், நார் முனையை நாருக்கு அடியிலேயே செருகிவிடுவார். மின்சார ரயிலில் கடற்கரை போகும் வரை அது அவிழாது. கோடையில் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் நுங்கு விற்பவரும் பனையோலையில் அதே லாவகத்தோடுதான் மடித்துக் கொடுக்கிறார். செட்டிநாட்டுக் கல்யாணங்களில் பனையோலைக் கொட்டானில் வைத்துக் கொடுப்பது மரபு. கொடுத்த பொருள் தீர்ந்தாலும் கொட்டான் வீட்டில் நிற்கும். வாழை இலைக்கு அந்த ஆயுள் இல்லை. எங்கள் உறவில் ஒரு பெண் புத்தகம் ஒன்றை வாழை இலையில் கட்டி, நார் சுற்றி, ஒரு ரோஜாவும் செருகிக் கல்யாணத்துக்கு எடுத்துப் போனாள். பார்க்கக் கண்ணுக்கு நிறைவு. மண்டபத்தில் வாங்கி வைத்த பையன் அதைப் பந்தி நடக்கும் கூடத்துக்கு அனுப்பிவிட்டான். புத்தகம் பொடி இட்லிகளோடு கிடந்து திரும்பியது.

மஞ்சப்பை இருக்கிறதே என்று அரசாங்கமும் சொல்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் கலைவாணர் அரங்கத்தில் தொடங்கியது. மறு வருஷம் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் பையைத் தள்ளும் இயந்திரம் வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கிஃப்ட் பேப்பர் ஒரு ஷீட் விலையில் இரண்டு பை. ஆனால் மஞ்சப்பையில் எதைக் கொண்டுபோனாலும் விருந்தாளி ஊரிலிருந்து வந்திருக்கிறார், முருங்கைக்காய் கொண்டுவந்திருக்கிறார் என்றே வீட்டுக்காரர்கள் முடிவு கட்டுகிறார்கள். பை நேராக அடுப்படிக்குப் போகும். மஞ்சப்பைக்காரரைப் பட்டணத்தில் ஏமாறுகிறவராகவே காட்டிக் காட்டி சினிமா செய்த வேலை அது. ஒரு இயந்திரத்தால் மட்டும் அழியாது.

இப்படிச் சுற்றி வளைத்து நான் வந்து நிற்கும் இடம் ஜாக்கெட் பிட்.

நவராத்திரிக்கு நாலு வீடு கொலு பார்க்கப் போய்வரும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், சுண்டல், இவற்றோடு ஒரு ரவிக்கைத் துணி. கிளிப்பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள், எந்தப் புடவையோடும் சேராத ஒரு கத்திரிப்பூ நிறம். இதை யாரும் தைத்துக்கொள்வதில்லை. தைத்துக்கொள்வதற்காக யாரும் கொடுப்பதுமில்லை. லைனிங் வைத்துத் தைக்க கேம்ப் ரோடு டெய்லர் கேட்கும் கூலியில் இந்தத் துணியைப் பத்து பதினைந்து வாங்கலாம். ஆகவே செம்பாக்கத்தில் வாங்கியது சிட்லபாக்கத்துக்கும், சிட்லபாக்கத்தில் வாங்கியது சேலையூருக்கும் போய்க்கொண்டேயிருக்கிறது. பணத்தாளுக்காவது ரிசர்வ் வங்கி பழசாகிவிட்டது என்று ஒரு நாள் ஓய்வு கொடுக்கும். பிட்டுக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு சூட்கேஸ், அதில் ரசகற்பூர உருண்டை நடுவே அடுத்த பயணத்துக்காக அவை காத்திருக்கும். யார் கொடுத்ததை யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதை அம்மா மனசில் வைத்திருக்கிறார். அந்த ஞாபகத்துக்குப் பேங்க் சர்வர் தோற்றுவிடும்.

அளவைப் பார்த்தால்தான் ஆச்சரியம். பிட் வழக்கமாக 80 சென்டிமீட்டர், கை தாராளமானவர்கள் ஒரு மீட்டர். ஜப்பானியர் பரிசு கட்டும் ஃபுரோஷிகி என்ற துணி சுமார் 70 சென்டிமீட்டர் சதுரம். 2006இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே, குப்பையைக் குறைக்க மக்கள் மறுபடி ஃபுரோஷிகிக்குத் திரும்ப வேண்டும் என்று பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த நூலில் ஒரு துணியே நெய்யவைத்து வெளியிட்டார். பாவம், ஒரு அரசாங்கம் பாட்டிலை உருக்கி நூலாக்கிச் செய்ய வேண்டியிருந்த வேலைக்கு நம் சூட்கேஸ்களில் கச்சாப்பொருள் அடுக்கிக் கிடக்கிறது.

கட்டும் முறையை என் பையன் செல்போனில் எடுத்துக் காட்டினான். ஒரு ஜப்பானியப் பெண் துணியை மூலைவாட்டில் விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டைப் பெட்டிமேல் மடித்து, மிச்ச இரண்டையும் மேலே கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கட்டுச்சோறு மூட்டைதானே, இதுக்கு எதுக்குடா போனு?"

"பாட்டி, இது ஜப்பான் டெக்னிக்."

"அந்தப் பொண்ணு ஒத்தை முடிச்சு போடுது பாரு. பஸ்ல அவுந்து போகும்."

பிறகு அவரே ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்து, அரக்கு நிற பிட்டில் வைத்துக் கட்டிக் காட்டினார். முதல் இரண்டு மூலைகளை மடித்து ஓரங்களைச் சம்படத்தின் அடியில் இறுக்கிச் செருகினார். மற்ற இரண்டை இழுத்து ஒரு முடிச்சு, அதன்மேல் எதிர்ப்பக்கமாக இன்னொன்று. மிஞ்சிய முனைகளைப் பிரித்துவிட்டதும் இரண்டு காது நின்றது. காதைப் பிடித்துத் தூக்கினால் சம்படம் சாயாமல் வருகிறது. டேப் இல்லை, கத்தரி இல்லை, சுற்றுக் கூலி இல்லை. தாத்தா விழுப்புரம் பாசஞ்சரில் வேலைக்குப் போன காலத்தில் தினம் காலை கட்டிய முடிச்சாம். உள்ளே அன்றைக்குப் புளியோதரை, இன்றைக்கு யாருக்கோ ரிட்டர்ன் கிஃப்ட்.

துணியில் கட்டுவதற்கு எங்கள் மாநகராட்சிக்குள்ளேயே பெரிய பாரம்பரியம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர் 3 அன்று உருவானபோது அதில் சேர்ந்த ஊர்களில் ஒன்று அனகாபுத்தூர். ஒரு காலத்தில் அங்கே தறி இல்லாத வீடு அபூர்வம். 'மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்று கடல் தாண்டிப் பெயர் எடுத்த கட்டம் போட்ட துணியை அங்கே நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். பெயர்தான் கைக்குட்டை; அளவு கஜத்துக்குக் கஜம். அதில் மூக்குத் துடைக்க யானைதான் வர வேண்டும். அந்த நாட்டு மக்கள் அதை இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். அந்த ஏற்றுமதி நின்ற பிறகு தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. மிஞ்சிய நெசவாளர்கள் வாழைநார், சணல், கற்றாழைநார் என்று இயற்கை நார்களில் புடவை நெய்து பெயர் வாங்கியிருக்கிறார்கள். பூக்காரம்மா பொட்டலத்தைக் கட்டும் அதே வாழைநார் அங்கே புடவையாகவே வருகிறது. அந்தப் புடவையில் பரிசு சுற்றச் சொல்லமாட்டேன், விலை வேறு. கட்டம் போட்ட துண்டுத் துணி கிடைத்தால் விடாதீர்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய துணி, பழைய டின், பழைய மரப்பெட்டி என்று குவித்து வைத்திருப்பதிலும் தேடலாம். ஆனால் அங்கே பெட்டி வாங்கப் போனவர்கள் புறாவோடு திரும்பிய வரலாறு உண்டு.

பிட் கட்டுக்கு எங்கள் அடுக்குமாடியில் வரவேற்பு பலமாகவே இருந்தது. பெரியவர்கள் துணியைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்கள். "காட்டனா, பாலியஸ்டரா? எண்பதா, ஒரு மீட்டரா?" உள்ளே இருந்தது என்ன என்று கேட்க இரண்டு நாள் ஆனது. பிள்ளைகள் மட்டும் ஏமாந்தார்கள். "கிழிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று என் பையனே குற்றம் சாட்டினான். அவர்களுக்காக வெளியே ஒரு டெண்டர் அறிவிப்பைச் சுற்றிவிடுகிறேன். கிழித்துத் தள்ளட்டும், பேப்பர்காரர் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்.

பெரிய சிக்கல் வேறொன்று முளைத்தது. ஜப்பானில் அந்தக் காலத்து முறைப்படி, கொடுத்தவரே துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போவாராம். நம்மிடம் அப்படி முடியுமா? கொடுத்த கையால் பிடுங்கிக்கொண்டு போனாள் என்பார்கள். வாங்கியவர் திருப்பித் தரலாம் என்றால் அதற்கும் நம் ஊரில் இலக்கணம் உண்டு. அடுத்த வீட்டு டப்பாவை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். வெறும் துணியில் எதைப் போடுவது? கீழ்வீட்டு அக்கா யோசித்து, என் பிட்டை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கட்டி அனுப்பினார். பழத்தை எடுத்துக்கொண்டு பிட்டைச் சும்மா அனுப்ப முடியாதே என்று அம்மா அதில் அதிரசம் கட்டி அனுப்பினார். அது நெல்லிக்காயாக வந்தது. ஊறுகாயாகப் போனது.

மூன்றாம் மாடி மாமா இதைப் பார்த்துவிட்டு அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: "மரியாதையுடன் ஒரு சந்தேகம். கிஃப்ட் கட்டி வரும் பிட்டைத் திருப்பித் தர வேண்டுமா, வைத்துக்கொள்ளலாமா? சங்கம் ஒரு முடிவு சொன்னால் நல்லது." வைத்துக்கொள்ளலாம் என்று நாலு பேர், துவைத்து இஸ்திரி போட்டுத் தர வேண்டும் என்று மூன்று பேர். துவைப்பது யார் என்று ஒருவர். எங்கள் வீட்டில் போரில் வருகிற தண்ணீரில் துவைத்தால் பிட் மஞ்சளாகிவிடுகிறது என்று ஒருவர். உங்களுக்காவது போரில் தண்ணீர் வருகிறதே என்று இன்னொருவர். அதன்பிறகு பேச்சு போன திசையைச் சொல்ல வேண்டியதில்லை. செயலாளர் இரவு பதினோரு மணிக்குத் தீர்ப்பு போட்டார்: லாரி காலை ஆறரைக்கு வருகிறது, சம்ப் மூடியைத் திறந்து வைக்கவும்.